மகிட்டா டிசிஎஸ் 6401: உற்பத்தி நின்றுபோன பெட்ரோல் ரம்பத்தை இப்போது வாங்கலாமா?

2022 மார்ச் 31-ஆம் தேதியோடு பெட்ரோல் எஞ்சின் கருவிகள் தயாரிப்பதை மகிட்டா நிறுத்திவிட்டது. புல்வெட்டி, இலை ஊதி, செயின் சா எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அமெரிக்காவில் ஹோம் டிப்போ கடைகள் பல ஆண்டுகள் வாடகைக்கு விட்டு, பிறகு கழித்து விற்ற நீல நிற 6401, 6421 ரம்பங்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சிலிண்டர் சுத்தமாக இருந்து, புதிய 60 சிசி தொழில்முறை ரம்பத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைத்தால் வாங்கலாம். அதற்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

பெயர் மகிட்டா என்றாலும் உள்ளே இருப்பது முழுக்க ஜெர்மனியின் டோல்மார். எமில் லெர்ப் 1927-இல் துரிங்கியாவின் டோல்மார் மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார்; மலையின் பெயரே கம்பெனிக்கும் வந்தது. அந்த முதல் ரம்பம் 58 கிலோ, தூக்கி அறுக்க இரண்டு ஆள் வேண்டும். ஹாம்பர்க்கில் வளர்ந்த இந்தக் கம்பெனியை 1991-இல் மகிட்டா வாங்கியது. சிவப்பு நிறத்தில் டோல்மார் பிஎஸ்-6400 என்று விற்றதும், நீல நிறத்தில் டிசிஎஸ் 6401 என்று விற்றதும் ஒரே மெஷின்தான். பழைய பார்ட்ஸ் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். டோல்மார் என்று போட்டால் கிடைக்காத கிளட்ச் டிரம் மகிட்டா என்று போட்டால் கிடைக்கும்.

எடை, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல், 6.3 கிலோ. சக்தி 3.5 கிலோவாட். பெட்ரோல் டேங்க் 750 மில்லி, செயின் ஆயில் டேங்க் 420 மில்லி. எஞ்சினின் சுழல் தண்டைச் சுமக்கும் அடிக்கூடான கிராங்க் கேஸ் மெக்னீசியம். வீட்டு உபயோக ரம்பங்களில் வரும் பிளாஸ்டிக் அல்ல. இந்த மெஷினின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. 64, 73, 79 சிசி என்று மூன்று அளவுகளை ஒரே கிராங்க் கேஸில் கட்டினார்கள். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், மூன்றுக்கும் 37 மி.மீ.; போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் 47, 50, 52 மி.மீ. என்று மாறும். ஆக, 64 சிசி ரம்பத்தின் கிராங்கும் பேரிங்கும் 79 சிசி சுமையைத் தாங்கவே செய்யப்பட்டவை. வாடகைக்குப் போய் அடிபட்ட மெஷின்கள் இன்றும் ஓடுவதற்கு அதுவே காரணம்.

வாடகை மெஷின் என்றால் என்னென்ன அனுபவித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மழுங்கிய செயினை வைத்து, முழு திராட்டிலில், பலம் கொண்டமட்டும் அழுத்தியிருப்பார்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். அதனால் வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பளபளப்பாக, கடைசல் கோடுகள் கிடைமட்டமாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் ஒரு தடவை சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கிறது. கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் எரிபொருள் கலவை ஒல்லியாகி, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடேறியதன் விளைவு. சுற்றிலும் நாலு பக்கமும் இருந்தால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டி மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. விற்பவர் சைலன்சரைக் கழற்ற விடவில்லை என்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து, பிளக் துளையில் மாட்டி சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். கயிறு இழுக்க எளிதாக அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் பட்டன் மேலே வந்து மூடியிருக்கிறதா என்று பார்த்து, திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, முள் நிற்கும்வரை ஐந்தாறு தடவை கயிறு இழுக்க வேண்டும். 150 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் திருப்தி. 120-க்குக் கீழே என்றால் ரிங்காவது போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டு மதிப்பிடும் வழக்கம் உண்டு. அதை நம்ப வேண்டாம், ஆயில் நிறைய இருக்கும் தேய்ந்த சிலிண்டரும் அப்படி நின்று காட்டும்.

ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சுத் திணறி நிற்கும் மெஷின்கள் நிறைய விற்பனைக்கு வரும். கார்புரேட்டர் போய்விட்டது என்று பாதி விலைக்குத் தருவார்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்றை விடும் வழி) அடைப்பு மட்டும்தான், மிகச் சின்ன பார்ட். மூடி திறந்தும் சரியாகவில்லை என்றால் பெட்ரோல் குழாய்: உள்ளே மெத்தென்று ஊறியிருக்கும், அல்லது விறைத்து நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும். ஐடிலில் வேகம் தானாக ஏறி இறங்கினால் காற்று எங்கோ திருடப்படுகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட், கிராங்க் ஆயில் சீல் இரண்டும் முதல் சந்தேகம். சைலன்சர் பக்கத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக 0.5 பார் அழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழ் விடும். அதே அளவுக்கு வெற்றிடமும் வைத்துப் பார்க்க வேண்டும். சில சீல்கள் அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும், உறிஞ்சும்போதுதான் விடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அந்தப் பிஸ்டனும் அதே வழியில் போகும்.

கார்புரேட்டர் செட்டிங்கில் இந்த மெஷினுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இக்னிஷன் காயில், நிமிடத்துக்குச் சுமார் 13,500 சுற்றில் ஸ்பார்க்கை வெட்டிவிடும். பழக்கப்பட்ட காது, சுமையில்லாத முழு வேகத்தில் வரும் தடதடப்பைக் கேட்டு கலவை போதும் என்று சொல்லும். ஆனால் காயில் வெட்டும்போதும் கிட்டத்தட்ட அதே தடதடப்புதான். ஒல்லியான கலவையை வளமானது, அதாவது பெட்ரோல் போதுமானது, என்று நினைத்து ஓட்டினால் சிலிண்டர் போய்விடும். சுற்று வேகத்தை அளக்கும் ஒரு டாக்கோமீட்டர் வாங்குங்கள். முழு வேகத்தில் பெட்ரோல் அளவை வைக்கும் எச் ஸ்க்ரூவைத் திறந்து 12,500 சுற்றுக்குக் கொண்டுவந்து, மரத்தில் வைத்து அறுத்துப் பாருங்கள். சுமை ஏறியதும் சத்தம் தெளிவாக வேண்டும். ஐடில் 2,500. பிளக் என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ, இடைவெளி 0.5 மி.மீ. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்.

கலவை 50-க்கு 1: லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு வைக்கவே கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய கார்புரேட்டர் டயாஃப்ரத்தை விறைக்க வைக்கும். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பரவிவிட்ட இந்தியாவில் எந்த பிராண்டு ரம்பம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

ஏர் ஃபில்டரில்தான் நமக்குக் குறை. பழைய சாதா ஃபில்டர் ஓரத்தில் சரியாக ஒட்டி அடைப்பதில்லை, நுண்தூள் நழுவுகிறது. உயரமான மூடியோடு வந்த ஹெவி டியூட்டி ஃபில்டர் கிட் இதைத் தீர்த்தது. வாங்கும் மெஷினில் அது இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கலாம். பார் விஷயத்தில் கவலையே இல்லை. பெரிய ஹஸ்க்வர்னா ரம்பங்களில் பார் மாட்டும் டி009 பொருத்தம்தான் இதற்கும். 20 அங்குல பாருக்கு 3/8 அங்குல பிட்ச், 72 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் பற்கள்) செயின். கேஜ், அதாவது பாரின் பள்ளத்து அகலம், எவ்வளவு என்று பாரின் அடியில் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். செயினைத் தீட்ட 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி; வெட்டும் ஆழத்தை வைக்கும் டெப்த் கேஜ் 0.65 மி.மீ.

79 சிசி சிலிண்டர் கிட் மாட்டுவது இந்த மெஷினைச் சுற்றி வளர்ந்த ஒரு பழக்கம். பொருந்தும்; 24 அங்குல பாரைத் திணறாமல் இழுக்கும். ஆனால் மலிவு கிட்டை அப்படியே மாட்டாதீர்கள். போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்புகளில் சாம்ஃபர், அதாவது சாய்வாக மழுக்கிய ஓரம், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். கூட வரும், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் மெலிந்தது. கழன்றால் புதுச் சிலிண்டரே வீண். 1.5 மி.மீ. சால்டர் கம்பியை பிளக் துளை வழியாக விட்டு பிஸ்டனால் நசுக்கி அளந்து, பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே 0.5 மி.மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எச் ஸ்க்ரூவையும் புதிதாக வைக்க வேண்டும். ஒரிஜினல் 64 சிசி சிலிண்டர் நல்லபடி இருந்தால் அதை விட்டு இதற்குப் போவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

நின்றுபோன பிராண்டு என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. யோன்செரெட் பிராண்டு நின்றுபோனாலும் அதன் 2166, 2172 ரம்பங்களை வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். அவை ஹஸ்க்வர்னா 365, 372 மாடல்களின் உடன்பிறப்புகள். உள்பாகங்கள் அங்கிருந்தே வரும். ஹோம்லைட் பிராண்டு வேறு கதை: 1994-இல் டெக்ஸ்ட்ரான் கம்பெனியிடமிருந்து ஜான் டியர் கம்பெனிக்கும், 2001-இல் டிடிஐ கம்பெனிக்கும் கைமாறி, பெயர் மிஞ்சியது, பழைய மெஷின்களுக்குப் பார்ட்ஸ் மிஞ்சவில்லை. மெக்கல்லக் கம்பெனி 1999-இல் திவாலானபோதும் பழைய மஞ்சள் ரம்பங்களுக்கு அதுவே நடந்தது. 6401-க்கு இன்று உற்பத்தியில் இருக்கும் உடன்பிறப்பு கிடையாது. இதை வாங்குபவர் மனதில் முதலில் இருக்க வேண்டிய உண்மை அதுதான்.

சட்டம்தான் இதைக் கொன்றது என்பார்கள். கலிபோர்னியா 2024 மாடல் முதல் சிறிய எஞ்சின்களுக்குப் புகையே கூடாது என்றது உண்மை. ஆனால் 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள செயின் சா அந்த விதிக்குள் வராது; பண்ணை, கட்டுமான எஞ்சின்களை மத்திய சட்டம் தன் கையில் வைத்திருக்கிறது. அடிபட்டது 35, 40 சிசி வீட்டு ரம்பங்கள். அந்த இடத்தை பேட்டரி பிடித்துக்கொண்டது. பேட்டரியே முதல் வியாபாரமாக இருக்கும் மகிட்டாவுக்குப் பெரிய எஞ்சினை மட்டும் தனியாகச் சுமப்பதில் அர்த்தமில்லாமல் போயிருக்கும். ஒரு நூற்றாண்டை நெருங்கிய எஞ்சின் மரபு அப்படி முடிந்ததில் நமக்கு வருத்தம் உண்டு.

பேட்டரி இதற்கு ஈடாகுமா? கணக்குப் போடலாம். 750 மில்லி பெட்ரோல் சுமார் 555 கிராம். இப்படிப்பட்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்குச் சுமார் 480 கிராம் குடிக்கும் என்று வைத்தால், ஒரு டேங்க் கொடுப்பது 1.15 கிலோவாட் மணி. 36 வோல்ட், 8 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 0.29. ஆக, ஒரு டேங்குக்கு நாலு பெரிய பேட்டரி வேண்டும். 12 அங்குலத்துக்குள் உள்ள கிளைகளுக்கு பேட்டரி ரம்பமே மேல்: சத்தமில்லை, சீஸ் ஆகாது, கார்புரேட்டரே கிடையாது. நாள் முழுக்க 18 அங்குல ஓக் அறுப்பவருக்கு இன்னும் பெட்ரோல்தான்.

வாங்குவது என்று முடிவானால் ஒன்றை ஓட்டுவதற்கும், சீஸ் ஆன இன்னொன்றைப் பார்ட்ஸுக்கும் சேர்த்து வாங்குங்கள். ஃபில்டர், பிளக், பெட்ரோல் குழாய், டிரம் போன்றவை வெளி கம்பெனிகளிடமே கிடைக்கும், அவசரமில்லை. இக்னிஷன் காயில், ஆயில் பம்ப், பின்கைப்பிடியோடு சேர்ந்த டேங்க், ரப்பர் பூட் நான்கையும் ஒரிஜினலாகக் கண்ணில் படும்போதே எடுத்து வையுங்கள். பூட் இரண்டாக இருக்கட்டும்.