நாராவா, காமகுராவா: எந்தப் பெரிய புத்தர்?

ஜப்பான் பயணத்தில் ஒரு பெரிய புத்தர் சிலைக்குத்தான் நேரம் என்றால், முதலில் எங்கே தங்குகிறீர்கள் என்று பாருங்கள். டோக்கியோ என்றால் காமகுரா, ரயிலில் ஒரு மணி நேரம். கியோட்டோ, ஒசாகா பக்கம் என்றால் நாரா.

நாராவின் தோதாய்ஜி கோயில் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அவருக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர், நம் இந்தியத் துறவி! 1709இல் மறுபடி கட்டி முடித்த பிரம்மாண்டமான மர மண்டபத்துக்குள், அரையிருட்டில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். வெளியே மான்கள். அரிசித் தவிட்டு பிஸ்கட்டைக் கையில் எடுத்தால் தலை குனிந்து கேட்கும். தாமதித்தால் சட்டையைக் கடித்து இழுக்கும். வரைபடம், டிக்கெட் எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

காமகுரா புத்தர் அதைவிடக் குள்ளம், 11 மீட்டர் சொச்சம். மண்டபம் எப்போதோ போய்விட்டது. பல நூற்றாண்டுகளாக வெட்டவெளியில் வெயிலும் மழையும்தான். வெண்கலத்தில் பச்சை படிந்திருக்கிறது. சில்லறைக் காசு கொடுத்தால் சிலைக்குள்ளேயே நுழையலாம். பகுதி பகுதியாக வார்த்து இணைத்த கோடுகள் உட்சுவரில் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து பொடிநடையாகக் கடற்கரைக்கும் போய்விடலாம்.

என் ஓட்டு நாராவுக்கு. மானைக் கண்டு அலறும் குழந்தை கூட இருந்தால் மட்டும் காமகுரா.