தர்மபுரியில் சோலார் வாட்டர் ஹீட்டர்: வெயிலை விடத் தண்ணீரைப் பாருங்கள்

காரிமங்கலம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2015-ல் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். இன்னும் ஓடுகிறது. சொந்தபந்தத்தில் யார் வீடு கட்டினாலும் "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "உங்க போர் தண்ணி எப்படி?" என்றுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்கே ஹீட்டர் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

பாறைக்கு நடுவே ஆழமாக இறங்கி எடுக்கிற தண்ணீர் நம்முடையது. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வருகின்றன. தண்ணீர் சூடாக ஆக அவை பிரிந்து வெள்ளையாகப் படியும். அறுபது டிகிரிக்கு மேல் போனால் படிவது இன்னும் வேகமாகும். வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்குமே, அதேதான் ஹீட்டருக்குள்ளும் நடக்கிறது. வாங்கும்முன் தண்ணீரை சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கடைக்காரர் டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கிக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும்; கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். எங்கள் போர் தண்ணீர் அந்த 600-ஐ ஒட்டி நின்றது.

சோலார் ஹீட்டரில் தட்டையான பேனல், கண்ணாடிக் குழாய் என்று இரண்டு வகை உண்டு. தண்ணீர் இப்படி இருந்ததால்தான் கண்ணாடிக் குழாய் வகையை எடுத்தோம். தட்டையான பேனல் வகையில் தண்ணீர் போவது அரை இன்ச் செம்புக் குழாய்களுக்குள். உப்பு படிந்தால் பாதை அடைந்துவிடும், உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்ய வழியில்லை. அதையே வாங்குவதென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்ததாக வாங்க வேண்டும்; அதில் பேனலுக்குள் தனித் தண்ணீர் சுற்றும், நாம் குளிக்கிற தண்ணீர் பேனலுக்குள் போகாது. விலை நன்றாகக் கூடும். கண்ணாடிக் குழாய் இரண்டு அடுக்கு, நடுவில் வெற்றிடம். உள்குழாய் அகலமாக இருப்பதால் படிந்த உப்பு சீக்கிரம் அடைக்காது, பெரும்பகுதி அடியில் போய்த் தங்கும். குழாயை உருவி, கவிழ்த்துத் தட்டி, பாட்டில் பிரஷ் விட்டுக் கழுவிவிடலாம். ஒன்று உடைந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் பிளம்பர் அண்ணன் இதையெல்லாம் அப்போதே விளக்கிச் சொன்னார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பொருளும் கூலியும் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதக் காற்று ஓய்ந்த பிறகு, குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். விடிவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு காலிக் குழாய் பயங்கரமாகச் சூடேறியிருக்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் படாரென்று வெடிக்கும். மேல் டேங்க் காலியாகி, மத்தியானம் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றும்போதும் இதே ஆபத்துதான். கரண்ட் இல்லாமலோ போர் வற்றியோ டேங்க் தீர்ந்துபோனால், சாயங்காலம் வரை பொறுத்து ஏற்றுங்கள். குழாயைத் திரும்பச் சொருகும்போது ஹீட்டர் டேங்க் வாயில் உள்ள சிலிக்கான் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் வளையம் கிழியாது. கழற்றிய கையோடு குழாயின் அடிமுனையையும் பாருங்கள். வெள்ளி போல மின்ன வேண்டும். பால் நிறமாக வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் குழாய் இனி உதவாது.

இன்னொரு பாகத்தைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. ஹீட்டர் டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று திருகியிருக்கும். உப்புத் தண்ணீர் டேங்கை அரிப்பதற்குப் பதிலாக அந்தக் கம்பியை அரிக்கட்டும் என்று வைத்தது. முதல் தடவை கழற்றிப் பார்த்தபோது மென்று துப்பிய கரும்புச் சக்கை போல வந்தது. நம் தண்ணீருக்கு வருஷா வருஷம் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவுதான், அது காப்பாற்றுவது முழு டேங்கை. வாரண்டி அட்டையையும் பணம் கொடுக்கும் முன்பே படியுங்கள். எங்களுக்கு விற்றவர் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் என்றார். அட்டையில், கடினத்தன்மை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வாரண்டி செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது. இந்த மாவட்டத்தில் விற்கிறவர் இதை வாயால் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தினப்படிப் பயன் என்று பார்த்தால் எனக்கு முழுத் திருப்தி. முதல் நாள் வெயிலில் காய்ந்த தண்ணீர் மறுநாள் விடியற்காலையிலும் பக்கெட்டில் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற சூட்டில் இருக்கும். மார்கழிப் பனியில் அம்மா ஐந்து மணிக்குக் குளிப்பார். முன்பெல்லாம் அதற்காக நாலரைக்கே எழுந்து தென்னை மட்டை வைத்து அடுப்பு மூட்டுவார். எனக்கு இந்த ஒன்றே போதும். மின்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 4 யூனிட் மின்சாரம் ஆகும். தினமும் அவ்வளவு செலவழிக்கிற வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 240 யூனிட். முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்கிற நம் ஊர்க் கணக்கில் இது எவ்வளவு பெரிய பங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மூட்டம் தொடர்ந்தால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய சமயம் இங்கேயும் வெயில் தலைகாட்டவில்லை. டேங்கிலேயே மின் ஹீட்டர் பொருத்த இடம் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் 200 லிட்டரும் சூடாக வேண்டும். அதனால் குளியலறையில் ஒரு சின்ன கீசர் வைத்திருக்கிறோம். ஓசூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் குளிர் அதிகம், அவளுக்கு அது இல்லாமல் முடியாது.

கோடையில் பிரச்சினை நேர்மாறு. சித்திரையில் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குப் போகும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சுடுதண்ணீர் என்று பழக்குங்கள். ஊருக்குப் போனால் பாதிக் குழாய்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போவோம். சூடு குறைந்தால் உப்புப் படிவதும் குறையும்.

குழாய் இழுப்பதில் கவனம் வேண்டும். முக்கால் இன்ச் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நிற்கிற 4 லிட்டர் ஆறிய தண்ணீர் வந்த பிறகுதான் சூடு வரும். தண்ணீருக்கு அலைகிற ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வராது, ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். வீடு கட்டும்போதே ஹீட்டரைக் குளியலறைக்கு நேர் மேலே வரும்படி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். சுடுதண்ணீர் லைனுக்கு, சூடு தாங்குகிற சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் தவிர வேறு எதையும் போடவிடாதீர்கள்.

கேஸ் மிச்சமாகும் என்று சிலர் சோலார் தண்ணீரையே சோற்று உலைக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீராக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். நம் மாவட்டங்களில் ஃப்ளோரைடு எவ்வளவு பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். தண்ணீரைச் சூடாக்கினால் ஃப்ளோரைடு போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், குளியலுக்கும் பாத்திரத்துக்கும் சோலார் என்று எங்கள் வீட்டில் பிரித்து வைத்திருக்கிறோம்.

மானியம் பற்றியும் கேட்கிறார்கள். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் மின்சாரம் தயாரிக்கிற பேனலுக்குத்தான், வாட்டர் ஹீட்டருக்கு அதில் பணம் கிடைக்காது.

இப்போது எங்கள் ஸ்டீல் டேங்கின் வெல்டிங் ஓரத்தில் லேசாகக் கசிய ஆரம்பித்திருக்கிறது. குழாய்களும் ஸ்டாண்டும் நன்றாக இருப்பதால் டேங்கை மட்டும் மாற்றப் போகிறோம். இந்த முறை உள்ளே எனாமல் பூசிய டேங்க் கேட்டிருக்கிறேன், மெக்னீசியம் கம்பியோடு.