அலமாரியில் ஒரே இடம், மூன்று பிசிபி ரைபிள்கள்

என் இரும்பு அலமாரியில் இப்போது மூன்று காற்றுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. மூன்றும் சுருள்வில் வகை. முதலில் வந்தது ஒரு பழைய பிஎஸ்ஏ மீட்டியார். அப்புறம் ஜெர்மனியின் வைராக் எச்டபிள்யூ 77. கடைசியாக இங்கிலாந்திலேயே செய்த ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200. நான்காவதாக இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. அது பிசிபியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. எது என்பதில்தான் இழுபறி. சுற்றிச் சுற்றி வந்து நின்றதும் இதே மூன்று கம்பெனிகளிடம்தான்: வைராக் எச்டபிள்யூ 100, ஏர் ஆர்ம்ஸ் எஸ்510, பிஎஸ்ஏ ஆர்10. மூன்றையும் எங்கள் கிளப்பில் மற்றவர்களிடம் வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறேன்.

பிசிபி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருள்வில் ரைபிளில் ஒவ்வொரு தடவையும் நாம் வில்லை அழுத்திப் பூட்டுகிறோம். ட்ரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்குகிறது. பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டு குழலை விட்டுப் போவதற்குள் துப்பாக்கியே ஒரு குலுங்கு குலுங்கிவிடும். அந்தக் குலுக்கலோடு ஒத்துப்போகக் கையைப் பழக்குவதுதான் அந்த வகையின் கலை. பிசிபியில் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்திருக்கிறோம். சின்னச் சுத்தியல் ஒன்று வால்வைத் தட்டுகிறது, கொஞ்சம் காற்று வெளியேறுகிறது, பெல்லட் போய்விடுகிறது. குலுக்கல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவத்திடம் ஜிரார்டோனி என்ற காற்று ரைபிள் இருந்தது. பின்கட்டையே காற்றுக் கலம், மேகசினில் இருபது குண்டுகள். கலத்தை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டும். 1804இல் லூயிஸ், கிளார்க் என்ற ஆய்வுப் பயணிகள் அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்கிக் கிளம்பியபோது அவர்கள் கையிலும் ஒரு காற்று ரைபிள் இருந்தது. இன்று நாம் வாங்கும் பிசிபிக்கு வழி போட்டது இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் இருக்கும் டேஸ்டேட். விலங்குகளுக்கு மயக்க ஊசி போடும் துப்பாக்கி செய்துகொண்டிருந்தவர்கள், 1980களில் அதே வித்தையை ரைபிளுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய ஹன்ட்ஸ்மேன் ரைபிள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆசை. ஆனால் விலை என் கணக்குக்கு மேலே போகிறது. ஸ்வீடனின் எஃப்எக்ஸ் ரைபிள்களும் அப்படித்தான். அதோடு அவற்றில் திருகிச் சரிசெய்யும் இடங்கள் அதிகம். எனக்குச் சுடத்தான் பிடிக்கும், திருக அல்ல. அதனால் அவை இந்த ஒப்பீட்டில் இல்லை.

பிசிபி வாங்குபவர்கள் ரைபிளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் காற்றைப் பற்றி யோசிக்கிறார்கள். நான் காற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். என்னிடம் 7 லிட்டர், 300 பார் சிலிண்டர் ஒன்று இருக்கிறது (பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு). எஸ்510ஐ 190 பார் வரை நிரப்பலாம், எச்டபிள்யூ 100ஐ 200 பார், ஆர்10ஐ 232 பார். பெரிய எண் என்றால் நல்லது என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது.

ரைபிளின் கலம் 150 மில்லி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பெரிய சிலிண்டரில் உள்ள அழுத்தம் ரைபிளின் அளவுக்கு இறங்கும் வரைதான் அதை முழுதாக நிரப்ப முடியும். 200 பார் ரைபிள் என்றால் 300க்கும் 200க்கும் இடையில் உள்ள 700 லிட்டர் காற்று நமக்குப் பயன்படும். ஒவ்வொரு தடவையும் 100இலிருந்து 200க்கு ஏற்ற 15 லிட்டர் போகும். ஆக 46 தடவை நிரப்பலாம். 232 பார் ரைபிளுக்கு அதே சிலிண்டரில் 476 லிட்டர்தான் பயன்படும். 120இலிருந்து 232க்கு ஏற்ற ஏறக்குறைய 17 லிட்டர் வேண்டும். 28 தடவைதான் தேறும். நிஜத்தில் காற்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது, எண்கள் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். ஆர்10ஐ அரைகுறையாக நிரப்பியும் சுடலாம், தவறே இல்லை. அப்படியானால் 232 என்று விளம்பரத்தில் படித்த எண்ணுக்கு என் வீட்டில் வேலை இல்லை என்றாகிறது. கைப்பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 180 பார் தாண்டியதும் ஒவ்வொரு பத்து பாரும் தோளைப் பதம் பார்க்கும்.

பிஎஸ்ஏவை இப்படித் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிஎஸ்ஏ என்றால் சைக்கிள். என் அப்பாவிடம் இருந்ததும் அதுதான். அந்த மூன்று எழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பது இங்கே இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1861இல் பர்மிங்காமின் துப்பாக்கிக் கைவினைஞர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பின்னால் வந்தவை. காற்றுத் துப்பாக்கிப் பிரிவு 1986 முதல் ஸ்பெயினின் காமோ கம்பெனி கையில் இருக்கிறது. குழலைத் தாங்களே சுத்தியலால் அடித்து உருவாக்குகிறார்கள், அந்தக் குழல்களுக்கு நல்ல பெயர். ஆர்10 கைக்கு அடக்கமாக, தோளில் வைத்ததும் தானாகக் குறியில் நிற்கும். போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் வகை. வயலில் முயலுக்காக மணிக்கணக்கில் நடப்பவராக நான் இருந்திருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன். நான் நடப்பவன் இல்லை. படுத்துக்கொண்டு சுடுபவன்.

நான் கலந்துகொள்வது எச்எஃப்டி எனும் போட்டி. காட்டுப் பாதையில் 8 முதல் 45 கெஜம் வரை முப்பது தகட்டு இலக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வட்ட ஓட்டை. அதற்குள் போனால் தகடு விழும், இரண்டு புள்ளி. தகட்டில் மட்டும் பட்டால் ஒன்று. ஆக முழு மதிப்பெண் 60. தொடங்கிய பிறகு ஸ்கோப்பைத் தொடக்கூடாது. தூரத்தைக் கண்ணால் மதித்து, மேலேயோ கீழேயோ குறி வைக்க வேண்டும். குறி சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு அறுபது பெல்லட். முழு நீள மாடல் என்றால் மூன்று ரைபிளுமே ஒரு நிரப்பலில் அதை முடித்துவிடும். குட்டை மாடல்களில் கலமும் சிறிது, குழலும் குட்டை. அதே வேகம் தர அவை ஒவ்வொரு தடவையும் அதிகக் காற்றைச் செலவழிக்கும். அவற்றில் மட்டும் இடையில் ஒருமுறை நிரப்ப வேண்டி வரலாம்.

எனவே எத்தனை தடவை சுடலாம் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. அந்த அறுபதும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்பதுதான் கேள்வி.

ரெகுலேட்டர், அதாவது வால்வுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு, இல்லாத பழைய எஸ்510ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக நிரப்பியதும் உள்ளே அழுத்தம் அதிகம், சுத்தியலால் வால்வை நன்றாகத் திறக்க முடியாது. வேகம் குறைவு. அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறும், நடுவில் உச்சத்தைத் தொடும், அப்புறம் காற்றுப் பற்றாமல் மறுபடி இறங்கும். ஒரு மலை போல வளைவு. அனுபவசாலிகள் அதை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைத்தே நிரப்பி, மலையின் உச்சிப் பகுதியில் மட்டும் சுடுவார்கள். அழகாக வேலை செய்யும்.

ஆனால் வேகத்தில் விநாடிக்கு 20 அடி வித்தியாசம் என்றால் என்ன ஆகும்? 8.44 கிரெயின் எடையுள்ள .177 அங்குல பெல்லட் விநாடிக்கு 790 அடி வேகத்தில் போகிறது என்று வைத்தால், 45 கெஜத்தில் அது மேலும் கீழுமாக 8, 9 மில்லிமீட்டர் விலகும். அந்தத் தூரத்தில் ஓட்டையே 4 சென்டிமீட்டர்தான். என் கை ஆட்டம், காற்று, தூரத்தை மதிப்பதில் வரும் பிழை எல்லாம் அதே 4 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். துப்பாக்கிக்கும் அதில் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

எச்டபிள்யூ 100இல் ரெகுலேட்டர் உண்டு. சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் வால்வுக்குப் போவது ஒரே அளவுதான். புதிய எஸ்510இல் ரெகுலேட்டர் வைத்த மாடல் கிடைக்கிறது, ஆர்10 எஸ்இயிலும் இருக்கிறது. கூடுதலாக ஓர் உறுப்பு என்றால் கூடுதலாக ஒரு பழுது என்பதும் உண்மை. ரெகுலேட்டர் கசிய ஆரம்பித்தால் நீண்ட நேரம் சும்மா வைத்திருந்த பிறகு வரும் முதல் பெல்லட் வேறு வேகத்தில் போகும். அதனால் போட்டியன்று முதல் இரண்டைச் சும்மா மண்ணில் விடும் பழக்கம் நல்லது.

கிளப்பில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். எச்டபிள்யூ 100ஐ என் கையில் கொடுத்தவர் அவர்தான். "ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ தம்பி, பிறகு கதைப்பம்" என்றார். பதினான்கு பெல்லட் கொண்ட உலோக மேகசின், பக்கவாட்டு லீவர். லீவரை இழுத்துத் தள்ளும்போது பூட்டுச் சாவி திரும்புவது போன்ற உறுதி. ட்ரிகர் இரண்டு கட்டம். முதல் கட்டம் முடிந்து ஒரு சுவரில் முட்டும், அதற்கு மேல் நினைத்தாலே போதும். என் எச்டபிள்யூ 77இன் ட்ரிகருக்குப் பழகிய விரல் இது. பழக்கத்தினால் பிடிக்கிறதா, நிஜமாகவே மேலானதா என்று பிரித்துப் பார்க்க அன்று சாயங்காலம் முழுவதும் மாற்றி மாற்றிச் சுட்டேன். எஸ்510இன் ட்ரிகரும் குறை சொல்ல முடியாதது. அதன் பாதுகாப்புப் பொத்தான் ட்ரிகரிலேயே இருப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்பைப் போடவோ எடுக்கவோ விரல் ட்ரிகருக்குப் போக வேண்டியிருக்கிறது. பலருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு இருக்கிறது.

எச்டபிள்யூ 100இன் இன்னொரு தனித்தன்மை, சிலிண்டரைக் கையால் திருகிக் கழற்றி எடுத்துத் தனியாக நிரப்பலாம். உதிரி சிலிண்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் குழாயை ரைபிளோடு இணைத்து நிரப்பும் வழக்கம். எஸ்510ஐப் பழையதாக வாங்குபவர்கள் நிரப்பும் இணைப்பான் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். பழைய மாடல்களில் ஏர் ஆர்ம்ஸுக்கே உரிய இணைப்பான் இருந்தது.

வைராக்கின் குறை கனம். மூன்றில் இதுதான் பாரமானது. ஸ்கோப் மாட்டினால் நான்கு கிலோவைத் தாண்டிவிடும். படுத்துச் சுடும்போது அந்தக் கனமே துணை. நின்றுகொண்டு சுட வேண்டிய இலக்குகளில் ஒரு நிமிடத்துக்குள் கை நடுங்கத் தொடங்குகிறது. மேகசின் மேலே துருத்திக்கொண்டிருப்பதால் ஸ்கோப்பை உயரமான தாங்கியில்தான் வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள தாங்கி போதும் என்று நினைத்து வாங்கியவர்கள் மறுபடி கடைக்கு ஓடியிருக்கிறார்கள்.

புதிதுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் பழைய பிசிபி ஒன்றை வாங்கினேன். மாலையில் 190 பார் நிரப்பி வைத்தால் காலையில் 150 காட்டியது. கடைக்காரர் மறு பேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார், ஆனால் அந்த வருடப் போட்டிக் காலம் போனது போனதுதான். பழையது வாங்குகிறவர்கள் நிரப்பிய ரைபிளை ஓர் இரவாவது வைத்துவிட்டு மறுநாள் அளவுமானியைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வீட்டிலும் ரைபிளின் சிலிண்டரை ஒருபோதும் காலியாக வைக்கக் கூடாது. ஒரு 100 பாராவது இருந்தால்தான் சீல்கள் இடத்தில் இருக்கும். சாதாரண எண்ணெய், கிரீஸ் பக்கமே போகாதீர்கள். அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது தீப்பற்றும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதானவர்கள் 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு மேற்படாத காற்று ரைபிளை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். கடையில் வாங்கினால் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், தபாலில் வீட்டுக்கு வராது. வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது நம் பொறுப்பு. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் கணக்கே வேறு: .177 குழல் அளவும் 20 ஜூல் ஆற்றலும்தான் அங்கே உரிமத்துக்கான எல்லைக்கோடு. அதனால் இங்கே சகஜமான .22 ரைபிளைப் பார்த்து ஆசைப்பட்டு ஊரில் தேடாதீர்கள்.

முடிவுக்கு வருகிறேன். முதல் பிசிபி, கைப்பம்ப் மட்டும்தான் என்றால் எஸ்510. நிரப்பும் அழுத்தம் குறைவு, அமைப்பு எளிது. ஏர் ஆர்ம்ஸ் கிழக்கு சசெக்ஸில் ஹெயில்ஷாமில் இருப்பதால் இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு உதிரி பாகத்துக்கும் கவலை இல்லை. நடந்து திரிந்து வேட்டையாடுபவர்களுக்கு ஆர்10. எனக்கு எச்டபிள்யூ 100, .177, முழு நீளக் குழல். கனத்துக்கு என் இடது கையைப் பழக்கிக்கொள்வேன். கடையில் வால்நட் கட்டை போட்ட ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை போய் வாங்கி வருவேன். உயரமான தாங்கி ஒரு ஜோடி ஏற்கெனவே மேசை மேல் இருக்கிறது. 7 லிட்டர் சிலிண்டருக்கு ஐந்தாண்டுச் சோதனை முடியும் தேதி அடுத்த மாதம். அதை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.