தெளிந்த ஐபிஏவா, கலங்கிய ஐபிஏவா? வீட்டில் தயாரிப்போருக்கான ஒப்பீடு

ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்பது கசப்பும் மணமும் மிகுந்த பியர் வகை. அதில் வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ ஒன்றையும் நியூ இங்கிலாந்து ஐபிஏ ஒன்றையும் அடுத்தடுத்து இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிப் பார்த்தால், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நம்புவது கடினம். முதலாவது, மறுபக்கம் இருக்கும் விரல் தெரியுமளவு தெளிந்த பொன்னிறம். இரண்டாவது, ஆரஞ்சுப் பழச்சாறு போலக் கலங்கிய மஞ்சள். அமெரிக்காவில் வீட்டில் பியர் தயாரிப்போரிடையே இவற்றில் எது மேல் என்ற வாதம் பெரும்பாலும் சுவையைப் பற்றியதாகவே இருக்கிறது. என் அனுபவத்தில், நொதித்தல் முடிந்த பிறகு பியரைக் காற்றுப் படாமல் அடைக்கும் வசதி நம்மிடம் இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கசப்பு, மணம் இரண்டுமே ஹாப் என்ற கொடியின் பூக் கூம்புகளிலிருந்து வருகின்றன. ஆனால் அவை வெளிப்படும் வழி வேறு. ஹாப்பில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட கொதியில்தான் உருமாறிக் கசப்பாகக் கரைகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிப் போய்விடுகின்றன. ரசத்தை நுரை கூடியதும் இறக்காமல் கொதிக்க விட்டால் வாசம் போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வது இங்கும் அப்படியே பொருந்தும். வெஸ்ட் கோஸ்ட் முறையில், கொதியின் தொடக்கத்திலேயே ஒரு பங்கு ஹாப்பைச் சேர்த்து 60 நிமிடம் கொதிக்க விட்டு உறுதியான கசப்பை எடுத்துக்கொண்டு, மணத்துக்கென மறுபங்கைக் கடைசியில் சேர்ப்பார்கள். நியூ இங்கிலாந்து முறையில் கொதியின்போது ஹாப் சேர்ப்பது மிகக் குறைவு. அடுப்பை அணைத்து, வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறிய பின் ஹாப்பை ஊறவிட்டு, நொதிக்கும் கலனிலும் தாராளமாகச் சேர்ப்பார்கள்.

தண்ணீரிலும் இந்த வேறுபாடு உண்டு. சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கும். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) மிகுந்த நிலத்தடி நீரால் இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் நகரின் ஏல் வகைப் பியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். வெஸ்ட் கோஸ்ட் தயாரிப்பவர் அதனால்தான் தண்ணீரில் ஜிப்சம் சேர்க்கிறார். கலங்கிய ஐபிஏ தயாரிப்பவர் கால்சியம் குளோரைடைக் கூட்டி நாக்கில் மென்மையை வரவழைக்கிறார்; கூடவே ஓட்ஸும் கோதுமையும் சேர்த்துப் புரதத்தைப் பெருக்குகிறார். அந்தப் புரதமும் ஹாப்பின் பாலிஃபீனால்களும் பிணைந்து மிதப்பதுதான் நாம் காணும் கலங்கல். கலங்கல் என்றாலே அடியில் தங்காத ஈஸ்ட் என்று நினைப்பது தவறு. ஈஸ்ட் நிறைய மிதக்கும் பியர் தொண்டையைக் கரகரக்கச் செய்யும்.

செலவுக் கணக்கு எளியது. 19 லிட்டர் கலனுக்கு வெஸ்ட் கோஸ்ட் முறையில் உலர் சேர்க்கைக்கு (நொதிக்கும் கலனில் சேர்ப்பதற்கு) 100 முதல் 150 கிராம் ஹாப் போதும். கலங்கிய வகைக்கு 200 முதல் 300 கிராம் வரை போகும். சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்கள் விலை கூடியவை என்பதோடு, அவ்வளவு ஹாப்பும் உறிஞ்சிக்கொள்ளும் பியரையும் இழப்பில் சேர்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கலங்கிய ஐபிஏவை நான் முதன்முதலில் தயாரித்தபோது, வழக்கம்போல் குழாய் வைத்துப் பாட்டில்களில் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு வைத்தேன். முதல் வாரம் மாம்பழமும் கொய்யாவும் மணக்க அருமையாக இருந்த பியர், நான்காவது வாரம் திறந்தபோது வெட்டி வைத்த வாழைக்காய் போல நிறம் மங்கிச் சாம்பலும் ஊதாவும் கலந்திருந்தது. மணத்தில் ஈர அட்டைப்பெட்டியின் வாடை. நிரப்பும்போது உள்ளே போன ஆக்சிஜனே காரணம். அதே பாட்டில்களில், அதே குழாயில் நிரப்பிய வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ இரண்டு மாதம் கழித்தும் மணம் சற்றுக் குறைந்ததே தவிரக் குடிக்கத் தக்கதாகவே இருந்தது. அதன் கசப்பும் வறட்சியும் மணம் குறைந்த பின்னும் பியரைத் தாங்கி நிற்கும். கலங்கிய வகைக்கு மணமே முதுகெலும்பு என்பதால், அது போனால் எதுவும் மிஞ்சுவதில்லை.

பாட்டிலில் நிரப்புவோருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நொதித்த பியரில் ஹாப் சேர்க்கும்போது, ஹாப்பில் இருக்கும் நொதிகள் ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களை (மாவுச்சத்தின் துணுக்குகளை) உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அடங்கியதாக நாம் நினைத்த நொதித்தல் மறுபடி மெல்லத் தொடங்குகிறது. ஹாப் அதிகமாகவும் எஞ்சிய டெக்ஸ்ட்ரின் அதிகமாகவும் உள்ள கலங்கிய ஐபிஏவில் இது கூடுதலாக நிகழும். அவசரப்பட்டு மூடி போட்டால் பாட்டில் வெடிக்கும். கையையும் கண்ணையும் காயப்படுத்தக்கூடிய இந்த அபாயத்தைச் சிறிதும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாப் சேர்த்த பின் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நிற்பதை உறுதி செய்த பிறகே அடைக்க வேண்டும்.

ஆகவே கெக்கும் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) கார்பன் டைஆக்சைடு உருளையும் இல்லாதவருக்கு என் பரிந்துரை வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏதான். வெளிர் மால்ட், கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், 1970களில் ஒரேகானிலிருந்து வெளிவந்த கஸ்கேட் ஹாப், யுஎஸ்-05 உலர் ஈஸ்ட், 18 டிகிரி வெப்பம்: புதியவர் கையிலும் கெடாத கூட்டு இது. கெக் வைத்திருப்பவர் கலங்கிய வகையைத் தயங்காமல் முயலலாம். ஆனால் கெக்கைத் திறந்து ஊற்றாமல், முதலில் அதில் சானிடைசர் கரைசலை விளிம்பு வரை நிரப்பி, அதைக் கார்பன் டைஆக்சைடால் வெளியே தள்ளிவிட்டு, மூடிய குழாய் வழியாகவே பியரை உள்ளே விட வேண்டும். நிரப்பிய தேதியைக் கெக்கின் மேல் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.