ஹாஸ்டல் அறை சுத்தம்: இன்டர்னல் வாரத்திலும் தாக்குப்பிடித்தவை

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று பேர் தங்கும் அறை, சின்ன பால்கனி, உள்ளேயே குளியலறை. அறைச் சுத்தத்துக்காக இத்தனை செமஸ்டர்களில் வாங்கிய பொருட்களையும் பழகிய முறைகளையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இன்டர்னல் தேர்வு நடக்கிறது, ரெக்கார்டு நோட்டும் பாக்கி இருக்கிறது, அப்போதும் அதைக் கையில் எடுப்போமா?

ஸ்பின் மாப் இதில் தேறவில்லை. வாளியை நிரப்பி, சுழற்றி, அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி காயவைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். கட்டில், மேசைகளைக் கழித்தால் நமக்கு இருக்கும் தரையே கொஞ்சம்தான். துணியைக் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு தட்டை மைக்ரோஃபைபர் மாப் போதும். அந்தத் துணிக்கு மட்டும் வாசனை கண்டிஷனர் போடாதீர்கள், இழைகளில் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது. புதுப் பூந்துடைப்பத்தை அறைக்குள் கொண்டுவருவதற்கு முன் வெளியே நன்றாகத் தட்டி உதறுங்கள். இல்லாவிட்டால் பெருக்கப் பெருக்கப் பூத்தூள் உதிரும்.

இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் காசில்லாமல் வந்தது. தரையில் செருப்பைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பை கொக்கியில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேசைக்காலில், பெட்டி கட்டிலுக்கடியில் ஒரு பலகை மேல். இப்போது இரண்டு நிமிடத்தில் பெருக்கி முடித்துவிடலாம்.

துணி விஷயம் இன்னும் முக்கியம், அறை நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மூடி போட்ட அழகான கூடையைத் தேடி வாங்காதீர்கள். சென்னை வியர்வையோடு டி-ஷர்ட்டை மூடிவைத்தால் நான்கே நாளில் கரும்புள்ளி விழும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. சுற்றிலும் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை போதும். ஈரத்துணியை அதிலும் போடக் கூடாது, கொடியில் உலர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பால்கனிக் கொடி உதவாது. அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, ஃபேனுக்கு நேராகத் தொங்கவிடுவோம். ஜீன்ஸை உள்புறம் திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட வேண்டும். இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும்தான் கடைசியாகக் காயும்.

குளியலறையில் போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயெல்லாம் வெள்ளையாகப் படியும். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து, பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் தேய்த்ததும் வந்துவிடும். மொசைக், மார்பிள் தரையில் அது சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரித்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் போடும் நாளில் எந்த ஆசிட்டையும் தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் பிடித்துவைக்கும் வாளியை வாரம் ஒருமுறை கவிழ்ப்பது போதாது, உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எங்கள் மாடியில் ஒரு தம்பி டெங்குவில் படுத்த பிறகு நாங்கள் யாரும் இதைத் தள்ளிப்போடுவதில்லை.

மூட்டைப்பூச்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லீவு முடிந்து வரும்போது யாருடைய பெட்டியிலாவது ஏறி வந்துவிடும். ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம், பிழைத்தது பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டாலும் அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துகொள்ளும். கேட்டது சூட்டுக்குத்தான். மெஸ் அண்ணனிடம் கேட்டுக் கொதிக்கும் தண்ணீர் வாங்கி, இரும்புக் கட்டிலின் போல்ட் துவாரங்களிலும் மூலை இணைப்புகளிலும் கவனமாக ஊற்றினோம். விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் சுடுதண்ணீரில். பத்து நாள் கழித்து அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும், முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். இந்த இரண்டாவது சுற்றை விட்டவர்களின் அறையில்தான் பூச்சி திரும்ப வந்தது.

வேலையைப் பங்கு போடுவதில், நாள் முறை போட்ட அட்டவணை எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒருவருக்கு லேப் நாள், இன்னொருவருக்கு சிம்போசியம், முறை தவறினால் மனஸ்தாபம்தான் மிச்சம். இப்போது இடத்துக்கு ஓர் ஆள்: தரை எனக்கு, குளியலறை ஒருவனுக்கு, வாளிகளும் பால்கனியும் இன்னொருவனுக்கு. எப்போது செய்வது என்பது அவரவர் விருப்பம், ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் முடிந்திருந்தால் சரி. குப்பை மட்டும் யார் பெயரிலும் இல்லை. ராத்திரி பார்சல் வாங்கியவர் படுக்கும் முன் டப்பாவைக் கீழே தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். கரப்பான் மருந்து வாங்குவதை நாங்கள் நிறுத்தியதற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் காரணம்.