ரங்கூன்ல சாஃப்ட்வேர் படிச்சவன் சொல்றேன், சேர்றதுக்கு முன்னாடி இதையும் கேட்டுக்கோங்க

சித்தி மக மெட்ரிக் மார்க்க கையில வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் யுனிவர்சிட்டிக்குப் போடவா வேணாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா, அவளுக்குச் சொல்றத இங்கயே எழுதிடலாம்னு தோணுச்சு. இங்கிலீஷ் புக்கு, பரீட்சையில ப்ரோக்ராம பேப்பர்ல எழுதணும், கரண்ட் வர்ற நேரம் பாத்து லேப்டாப் சார்ஜ் போடணும், இதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேற.

டேட்டாபேஸ் வகுப்புல நாங்க செஞ்ச முதல் டேபிள் ஸ்டூடன்ட் டேபிள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ரெண்டையும் காலியா விடக்கூடாது. அந்த ரூம்ல லாஸ்ட் நேம் உள்ள ஆளு ஒருத்தர் கூட இல்ல! பர்மாக்காரங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, ஏ ஏ கின்னுன்னா மூணும் சேந்து ஒரே பேரு, அதுக்கு முன்னாடி வயச பாத்து மாவோ டோவோன்னு மரியாதைச் சொல்லு போடுவாங்க. நம்ம பர்மாத் தமிழாளுங்களுக்கு அப்பா பேரு இனிஷியல், அதுலயும் பாதி பேருக்கு வீட்டுல கூப்பிடுறது தமிழ்ப் பேரு, அரசாங்க அடையாளக் கார்டுல பர்மா பேரு. சயாமாகிட்ட, அதான் டீச்சரம்மாகிட்ட, கேட்டா புக்குல உள்ளபடி போடுன்னாங்க, எல்லாரும் அவங்கவங்க பேர ரெண்டா வெட்டி உள்ள போட்டோம், மார்க்கும் வந்துச்சு.

கார்டு நம்பரும் அதே கதைதான். முன்னாடி மாநில எண், ரங்கூனுக்கு 12, அப்புறம் டவுன்ஷிப் எழுத்து, அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்து, கடைசியில 6 இலக்கம். பயிற்சியில குடுத்த விதி அந்த அடைப்புக்குறிக்குள்ள முழுக் குடிமக்களுக்கான நைங் எழுத்த மட்டும்தான் ஏத்துக்கும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் முழுக் குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஏ, ப்யூன்னு வேற எழுத்து உள்ள கார்டும் இருக்கு, நம்ம ஜனங்க எத்தனை வீட்டுல அந்தக் கார்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். எங்க பாட்டி நம்பர போட்டுப் பாத்தேன், செல்லாதுன்னு சிவப்புல வந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

இதையெல்லாம் விட பெருசு எழுத்துரு விஷயம். 2014ல சிம் 1,500 சாட்டுக்கு (பர்மா காசு) வந்ததும் ஊரே ஃபோன் வாங்குச்சு, அதுல முக்காவாசி ஸோஜிங்கற பர்மா எழுத்துருதான். உலகத்துக்கே பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்ல மெய்யெழுத்துக்கு அப்புறம் வரவேண்டிய குறிய ஸோஜியில கண்ணுக்குத் தெரியிற மாதிரி முன்னாடியே சேவ் பண்ணுவாங்க, அது பத்தாதுன்னு மோன், ஷான், கரென் எழுத்துக்கு ஒதுக்குன இடத்தையும் பர்மா எழுத்தோட வேற வேற வடிவத்துக்கு எடுத்துக்கிச்சு. ஸ்க்ரீன்ல ஒரே பேரு மாதிரி தெரியும், தேடுனா ஒண்ணு வரும் இன்னொண்ணு வராது. 2019 அக்டோபர் 1ல இருந்து யூனிகோட்தான்னு அரசாங்கம் சொல்லிருச்சு, ஆனா பழைய டேட்டா தானா மாறாதுல்ல. வேலைக்குப் போனதும் என் கையில குடுத்ததே அந்த மாதிரி ஒரு கஸ்டமர் லிஸ்ட்டுதான். படிச்ச அத்தனை வருஷத்துலயும் யாரும் ஸோஜிங்கற பேர போர்டுல எழுதல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த லிஸ்ட்ட நான் மாத்துனதே அங்க படிச்சதை வச்சுதான். ஆட்டோமேட்டா, அதாவது எது வந்தா எந்த நிலைக்கு (ஸ்டேட்) மாறணும்ங்கற கணக்கு, அத எடுத்த சயா (வாத்தியார்) ஒவ்வொரு ஸ்டேட்டையும் போர்டுல வரைஞ்சு, புரியாதவன் முகத்தப் பாத்து திரும்ப அழிச்சு வரைவாரு, அவ்வளவு பொறுமை. எந்தக் குறி வந்தா எந்த நிலைக்குப் போகணும்னு நான் கன்வெர்ட்டர் எழுதுனது அப்படியே அவரு பாடம். கூகுள் குடுத்த மியான்மார் டூல்ஸ் இது ஸோஜியா யூனிகோடான்னு கண்டுபிடிக்கிறது மார்க்கோவ் மாடல்ல, ஒரு எழுத்துக்கு அப்புறம் எது வர வாய்ப்பு அதிகம்ங்கற கணக்கு, அதுக்கான ப்ராபபிலிட்டியும் எங்களுக்கு நல்லாவே நடத்துனாங்க. அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது. யூட்யூப் பாத்து வந்த பசங்க தடுமாறுற இடத்துல நான் நிக்குறேன்னா அந்த அஸ்திவாரம்தான். அதனாலதான் கோபம் இன்னும் கூடுது, கணக்கு ஒரு ரூம்ல இருக்கு, பிரச்சனை யுனிவர்சிட்டி கேட்டுக்கு வெளிய டீக்கடையில எல்லார் ஃபோன்லயும் இருக்கு, ரெண்டையும் சேத்து வைக்க ஒரு ஆளு இல்ல.

இவ்வளவு நல்லது சொல்லிட்டு என்ன முடிவுன்னா, சேராதம்மா. நாளைக்கு கேட்டா மாத்திச் சொல்வேனோ என்னவோ, ஆனா இன்னைக்கு காலையில ஒரு கடையில இருந்து இன்னொரு ஃபைல் வந்திருக்கு, எங்க யுனிவர்சிட்டியில படிச்ச பையன் செஞ்ச சாஃப்ட்வேர், பாதி ஸோஜி பாதி யூனிகோட், ஒவ்வொரு ஆளு பேரும் ரெண்டா வெட்டிக் கெடக்கு.

மீறி சேந்தேன்னா கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் எடுக்குற லைப்ரரி மேனேஜ்மென்ட் எடுக்காத. தெய்ஞ்சி மார்க்கெட்ல மாமாவுக்குத் தெரிஞ்ச கடை இருக்குல்ல, அவரு கடன் நோட்ட எடு, பேர ஒரே கட்டத்துல வாங்கு, கார்டு நம்பர்ல எல்லா எழுத்தையும் விடு. சயாமா ஏன்னு கேட்டா பாட்டி கார்ட காட்டு.