கருக்கலைப்பு மாத்திரையைக் கொடுத்ததோடு கைகழுவிவிட்டார்கள்

ஏழு வாரக் கருவைக் கலைக்க நான் சென்ற மருத்துவமனையில் மைஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை அங்கேயே விழுங்கச் செய்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது மருந்தான மிசோப்ரோஸ்டாலை ஒரு காகித உறையில் போட்டுத் தந்தார்கள். உறையின் மேல் பேனாவால் கிறுக்கியிருந்த நேரம்தான் எனக்குக் கிடைத்த மொத்த ஆலோசனை. தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் முழுதாக நனைந்தாலோ, மிசோப்ரோஸ்டால் எடுத்து ஒரு நாள் கழிந்த பிறகும் காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை.

கருத்தடை பற்றி நானாகக் கேட்டபோது, “அடுத்த மாதவிலக்கு வரட்டும், பார்க்கலாம்” என்றார் மருத்துவர். மாத்திரை எடுத்த எட்டே நாளில்கூடக் கருமுட்டை வெளிப்படலாம் என்பதும், கருத்தடை மாத்திரையையோ கையில் வைக்கும் இம்பிளாண்டையோ மைஃபெப்ரிஸ்டோன் எடுக்கும் அன்றே தொடங்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாதவிலக்குக்காகக் காத்திருந்தால் அதற்குள்ளேயே மறுபடி கருத்தரித்திருக்கக்கூடும்.

பன்னிரண்டாம் நாள் பதற்றத்தில் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன். இரண்டாவது கோடு மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. தொலைபேசியில் சொன்னதும், ஸ்கேன் எதுவும் பார்க்காமலே, “கரு மிச்சம் இருக்கிறது, நாளையே வந்து சுத்தம் செய்துகொள்ளுங்கள்” என்று, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-க்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன், அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் கட்டியிருப்பேன்.

அக்காதான் வலுக்கட்டாயமாக வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஸ்கேனில் கருப்பையில் கரு இல்லை. இரத்தப்போக்கும் குறைந்துகொண்டே வந்திருந்தது. கர்ப்பகால ஹார்மோன் உடலைவிட்டு நீங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால் நான்கு வாரங்களுக்குள் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையை நம்ப முடியாது என்றும், உள்சுவர் சற்றுத் தடித்திருப்பது மட்டுமே சுரண்டி எடுப்பதற்குக் காரணமாகாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கலைப்பு முழுமையாக முடிந்ததை உறுதிசெய்துகொண்டு அன்றே காப்பர்-டியும் பொருத்தினார்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவுக் கட்டணம் திரும்பாது என்றார்கள். அந்த மருத்துவமனையில் ஒருவரும் ஸ்கேன் செய்து பார்க்காத என் கருப்பையைப் பற்றி அந்த ரசீதில் ‘முழுமையடையாத கருக்கலைப்பு’ என்று அச்சாகியிருக்கிறது.